இரண்டாவது கோட் அடிக்கும்போது முதல் கோட் ரோலரோடு உரிந்து வருகிறது, என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம். படுக்கையறைக்கு நானே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டை, விரிசல் இருந்த இடங்களில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிப்பது) அடித்தேன். மற்ற இடங்களில் பழைய பெயிண்ட் எங்கும் உரியாமல் நன்றாகவே இருந்ததால், அதன்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) முதல் கோட் போட்டேன். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் இரண்டாவது கோட் அடிக்கும்போதுதான் பிரச்சினை. ரோலர் போன வழியெல்லாம் முதல் கோட் சுருண்டு அதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. சன்னல் ஓரம் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பைப் பிரித்தால், அதோடு இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் பட்டையாக வந்துவிட்டது. உரிந்ததன் பின்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. போதாததற்கு ஒரு சுவரில் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை.

பெயிண்ட் தரமில்லாததா? இன்னும் ஒரு கோட் கெட்டியாக அடித்தால் பிடித்துக்கொள்ளுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள் தம்பி. கெட்டியாக அடித்தால் இன்னும் வேகமாக உரியும். மூன்று விஷயம் தெரிய வேண்டும். பட்டி வைத்த இடங்களிலும் உரிகிறதா? பழைய பெயிண்ட் தெரியும் இடத்தில் ஒரு கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி வெளுக்கிறதா? எமல்ஷனில் எவ்வளவு தண்ணீர் கலந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. பட்டி வைத்த இடத்தில் நகத்தால் கீறினாலும் வரவில்லை! மற்ற இடங்களில் துணி நன்றாக வெளுத்துவிட்டது. தண்ணீர் டப்பாவில் போட்டிருந்த அளவுதான். பழையது டிஸ்டெம்பராக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்:

அப்படியானால் பெயிண்ட்மேல் குற்றமில்லை. ஒரே பெயிண்ட், ஒரே கை, ஒரே நாள். பிரைமர் இருந்த இடத்தில் நிற்கிறது, இல்லாத இடத்தில் வருகிறது. விடை அதிலேயே இருக்கிறது.

சாதாரண டிஸ்டெம்பர் என்பது பெரும்பாலும் சுண்ணப்பொடி, அதைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் பசை. வருடங்கள் போகப்போக அந்தப் பசை பலமிழந்து பொடி மட்டும் சுவரில் தங்கி நிற்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் அதிலுள்ள தண்ணீர் மிச்சமிருக்கும் பசையை ஊற வைக்கும். எமல்ஷன் காயும்போது லேசாகச் சுருங்கி அடியில் இருப்பதை இழுக்கும். இரண்டாவது கோட்டின் ஈரமும் ரோலரின் இழுப்பும் சேர்ந்தால் அடிப்பூச்சு விட்டுக்கொடுத்துவிடும். உங்கள் எமல்ஷன் பொடியை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பொடிதான் சுவரைப் பிடிக்கவில்லை.

ஆகவே பொடியை எடுத்தாக வேண்டும். உரிந்து வருவதையெல்லாம் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டுத் துடைத்தால் டிஸ்டெம்பர் கரைந்து வரும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் துடைத்தால் அதே பொடி திரும்பச் சுவருக்குப் போகும். மின்சுவிட்ச் பக்கத்தில் வேலை செய்யும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு கறுப்புத் துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். துணி சுத்தமாக வந்தால் சாதாரண பிரைமர் போதும். லேசாக வெளுத்தால், பொடிக்குள்ளும் சுவருக்குள்ளும் ஊடுருவிப் பிடிக்கும் சீலர் வகைப் பிரைமர் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிரைமர் பொடிக்கு மேலேயே நின்றுவிடும்.

இன்னொருவர்:

இவ்வளவு வேலை எதற்கு? உரிந்த இடத்தில் மட்டும் பட்டி வைத்துச் சமன்செய்து, சுவர் முழுக்க ஒரு பிரைமர் கொடுத்து மேலே அடித்துவிடலாமே. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், இன்றுவரை நிற்கிறது.

பதில்:

உங்கள் வீட்டில் அடிப்பூச்சு உறுதியாக இருந்திருக்கும், அதனால் நின்றது. இங்கே நிற்குமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். உரியாமல் நிற்கும் பகுதியில் பிளேடால் பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போட்டு, அதன்மேல் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். கீறலின் ஓரம் மட்டும் துளி வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். டேப் அளவுக்கே வந்தால் அதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் மேலே, நடுவே, கீழே என்று பாருங்கள். ஒரே அறையில் ஒரு சுவர் உறுதியாகவும் அடுத்தது மோசமாகவும் இருப்பது சகஜம்.

வேறொருவர்:

குளியலறைப் பக்கச் சுவரை மற்ற சுவர்களோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அது ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம். கொப்புளத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருக்கிறதா, அல்லது மினுமினுப்பான வெள்ளைத் துகள் இருக்கிறதா? துகள் இருந்தால் அது உப்பு பூத்தது. தண்ணீர் சுவருக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, காயும்போது விட்டுவிட்டுப் போகும். அதை ஈரத்துணியால் துடைத்தால் திரும்ப உள்ளே இறங்கும், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஓரடி சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் மூடி ஒரு நாள் முழுக்கச் சுவரில் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். முதலாவது என்றால் குழாய் இணைப்பு, டைல்ஸ் இடுக்கு, தண்ணீர் வெளியேறும் இடம் எல்லாம் பார்த்துக் கசிவை அடைத்து, சுவர் உலரும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். உலர வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். கசிவு இருக்கும்போது மேலே எந்த வாட்டர்புரூப் பூச்சு போட்டாலும் ஈரம் ஒதுங்கி ஒதுங்கி வேறு இடத்தில் கொப்புளிக்கும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நன்றாகவே நீர் கோத்திருந்தது. குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு, பிளம்பர் சரிசெய்துவிட்டார். அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டேன். மற்ற மூன்றும் கழுவிக் காய்ந்துவிட்டன, துணி லேசாகத்தான் வெளுக்கிறது. பழைய பெயிண்ட் உறுதியாக நிற்கும் இடத்துக்கும் வெறும் சுவருக்கும் நடுவே படி மாதிரி விளிம்பு தெரிகிறது. அதற்கு எந்தப் பட்டி? கையில் சிமெண்ட் பட்டி மீதம் இருக்கிறது.

பதில்:

சிமெண்ட் பட்டியை அங்கே போடாதீர்கள். அது வெறும் பூச்சுச் சுவரைத்தான் பிடிக்கும், பெயிண்ட்மேல் நிற்காது. நீங்கள் வைக்கப்போவது பாதி பெயிண்ட்மேல், பாதி வெறும் சுவர்மேல். அதனால் அக்ரிலிக் பட்டி வாங்குங்கள். முதலில் விளிம்பை 120 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, சீலர் பிரைமர் அடித்து, அதன்மேல் மெல்லியதாகப் பட்டி இழுங்கள். காய்ந்ததும் 180 அல்லது 220 எண்ணால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, திரும்பவும் பிரைமர். இந்தமுறை சுவர் முழுக்க அடியுங்கள். பட்டி வைத்த இடத்துக்கு மட்டும் அடித்தால் பெயிண்ட்டை ஒரு இடம் அதிகம் குடிக்கும், ஒரு இடம் குறைவாகக் குடிக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது திட்டுத்திட்டாகத் தெரியும்.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். ரொம்பப் பழைய வீடு என்றால் கதவு, சன்னலில் இருக்கும் பழைய ஆயில் பெயிண்ட்டை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். ஈயம் கலந்திருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல்.

கேள்வி கேட்டவர்:

சரி ஐயா. இந்தமுறை இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும்? டேப்பை எப்போது எடுக்கலாம்?

பதில்:

எமல்ஷனுக்குப் பொதுவாக 4 மணி நேரம், டப்பாவில் அதிகம் போட்டிருந்தால் அதன்படி. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் இரட்டிப்பாக விடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை; முழுப் பலம் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை சுவரைக் கழுவ வேண்டாம்.

டேப்பைக் கடைசிக் கோட் இன்னும் லேசான ஈரமாக இருக்கும்போதே சாய்வாக, மெதுவாக இழுங்கள். காய்ந்துவிட்டால் ஓரத்தில் பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டு எடுங்கள்.