கண்ணனூர் முற்றுகை, 1342: பிடிபட இருந்த கோட்டை வல்லாளன் கையை விட்டு எப்படிப் போனது?

கேள்வி – கொள்ளிடக்கரை

போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளன் கண்ணனூர்க் கோட்டையை (இன்றைய சமயபுரம்) வளைத்து, உள்ளே இருந்த மதுரை சுல்தானின் படையைப் பட்டினிக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரே பிடிபட்டு மதுரையில் கொல்லப்பட்டார். தப்பு எங்கே நடந்தது? கன்னட நாட்டில் துவாரசமுத்திரத்தைத் (இன்றைய ஹளேபீடு) தலைநகராகக் கொண்ட அரசருக்குக் கொள்ளிடக் கரையில் என்ன பாத்தியதை?

பதில் – கல்லெழுத்து

பாத்தியதையை முதலில் பார்ப்போம். காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த மூன்றாம் ராஜராஜ சோழனை மீட்கப் போசள மன்னர் இரண்டாம் நரசிம்மன் படையெடுத்து வந்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்கிறது. நரசிம்மனின் மகன் சோமேசுவரன் கண்ணனூரையே தலைநகராக்கிக்கொண்டார். 1254 வாக்கில் அவர் செய்த பாகப்பிரிவினைதான் பெரிய கேடு. கன்னட நாடு ஒரு மகன் மூன்றாம் நரசிம்மனுக்கு, தமிழ்ப்பகுதி இன்னொரு மகன் ராமநாதனுக்கு. பாண்டியர் எழுச்சி பெற்ற அதே காலத்தில் வீடு இரண்டானது. ராமநாதன் கண்ணனூரை இழந்து குந்தாணிக்கு (இன்றைய கிருஷ்ணகிரிப் பக்கம்) போக, இரு கிளைகளும் மோதிக்கொண்டன. மூன்றாம் நரசிம்மன் மகனான இந்த வல்லாளன் 1291-92இல் பட்டத்துக்கு வந்தார். ராமநாதன் மகன் விசுவநாதனுக்குப் பிறகு, 1300ஐ ஒட்டித்தான் எல்லாம் மறுபடி ஒரே கைக்கு வந்தது. அடுத்த பத்தே ஆண்டில் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர். 1311 பிப்ரவரியில் அவன் வந்தபோது வல்லாளன் பாண்டியரின் வாரிசுச் சண்டையில் ஆதாயம் தேடித் தெற்கே போயிருந்தார்.

பதில் – படைவீடு

முற்றுகைக்கு வருகிறேன். 1327இல் துவாரசமுத்திரம் அழிந்த பிறகு வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மதுரை சுல்தானை நெருக்கினார். கண்ணனூர் எதிரி கையில் இருக்கும்வரை காவிரியைத் தாண்டி மதுரைக்குப் போக முடியாது.

உள்ளே 14 நாளுக்கு மட்டும் உணவு மிஞ்சியிருந்தபோது, சரணடைந்தால் உயிருக்கு அபயம் என்றார் வல்லாளன். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கு 14 நாள் தவணை கொடுத்தார்! மதுரை சுமார் 150 கி.மீ. குதிரைத் தூதன் போக மூன்று நாள், படை நாளுக்கு 25 கி.மீ. வந்தாலும் ஆறு நாள். ஒன்பது நாளில் உதவி வந்து சேர்ந்துவிடும். ஆள் அனுப்பவே விட்டிருக்கக் கூடாது.

மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானி வந்தது மதிய உறக்க நேரத்தில். குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. முன்னே வந்த சிறு அணியைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து, அணிவகுக்காமலே எதிர்க்கப் போனார்கள். பின்னாலேயே சுல்தானின் முழுப்படை. மதுரைச் சாலையில் ஒரு நாள் தொலைவில் காவல் சாவடி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. 80 வயது மன்னர் குதிரையேற முயன்றபோது பிடிபட்டார். யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் கறந்த பிறகு கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள்.

கொள்ளிடக்கரை

நன்றி ஐயா. வல்லாளன் பக்கம் ஒரு லட்சம் பேர், மதுரைப் பக்கம் ஆறாயிரம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில் – கல்லெழுத்து

அந்தக் கணக்கு மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவுடையது. அவர் கியாசுதீனின் சகலை. போர் முடிந்த பின்தான் மதுரைக்கு வந்தார். மதிலில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார், அதை ஏற்கலாம். படை எண்ணிக்கை வென்றவர்கள் வாய்வழி வந்தது. விகிதம் பெரிது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், லட்சத்தை அப்படியே எழுதாதீர்கள்.

வாரிசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மகன் நான்காம் வல்லாளன் 1343இல் முடிசூடினார். 1346க்குப் பிறகு அவர் பெயரைக் காணோம். நாடு ஹரிஹரனின் விஜயநகரத்தோடு சேர்ந்தது. மதுரை சுல்தானுக்கு எதிரான போரை வல்லாளன் விட்ட இடத்தில் தொடங்கியவர் விஜயநகர இளவரசர் குமார கம்பணர். அவருடைய தளபதி கோப்பணர் 1371இல் அரங்கனைத் திருவரங்கத்தில் மறுபடி எழுந்தருளச் செய்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. சமயபுரம் போனால் அம்மன் கோயிலோடு திரும்பிவிடாமல் போசளர் கட்டிய சிவன் கோயிலான போசளேசுவரம் எங்கே என்று கேளுங்கள். இப்போது போஜீசுவரர் கோயில் என்றுதான் சொல்வார்கள்.