புதுப்பிப்பு: 'டூராக்' (2008) முடித்தாயிற்று

டைனோசர்கள் திரியும் காட்டில் சுட்டுச் சண்டைபோடும் வீடியோ கேம் இது. பாதி ஆட்டத்தில், "வில்லும் கத்தியும் அருமை, மீதியை முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். முடித்துவிட்டேன்.

அந்த இரண்டும் கடைசிவரை சலிக்கவில்லை. புதருக்குள் பதுங்கி, சத்தமில்லாமல் அம்பு விடும் சுகமே தனி. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஷாட்கன் துப்பாக்கியின் இரண்டாவது சுடுமுறையான ஃபிளேர், அதாவது எரியும் ஒளிக்குண்டு. எதிரிகள் நிற்கும் பக்கம் ஒன்றை அடித்தால் ராப்டர்கள் (வேகமாக ஓடும் வேட்டை டைனோசர்கள்) அங்கே பாயும். டைனோசர்களுக்குக் கட்சி கிடையாது, யாரையும் கடிக்கும். நாம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

1997-இல் நின்டெண்டோ 64 கேம் கருவிக்கு வந்த பழைய டூராக்கை நினைத்து வராதீர்கள். பெயர்தான் மிச்சம், கதை வேறு, நாயகன் ஜோசப் டூராக்கும் வேறு ஆள். சுற்றித் திரிந்து சாவி தேடும் வேலையெல்லாம் இல்லை, பாதை பெரும்பாலும் ஒரே கோடு. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செக்பாயிண்ட் (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) இடைவெளிதான் கொடுமை! செத்தால் வெகுதூரம் பின்னால் போய் அதே சண்டையை மறுபடி போட வேண்டும். வெடியில் கீழே விழுந்தால், எழுந்திருப்பதற்குள் அடுத்த அடி விழுகிறது.

அப்புறம், வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். முதல் தடவையே கஷ்டநிலையைக் கூட்டி வைக்காதீர்கள். பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பக்கம் நான் போகவில்லை.