நூலகச் சாளரத்தில் நிலக்காட்சி: ஈயக் கோடுகளை என்ன செய்வது?

கேள்வி:
பொது நூலகம் ஒன்றின் மாடிப்படியருகே, மேற்குப் பார்த்த பெரிய சாளரத்தில் மலையும் ஆறுமாக ஒரு வண்ணக் கண்ணாடி ஓவியம் அமைக்கவிருக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். மாதிரி வரைபடத்தில் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுகள் வானத்தின் குறுக்கே ஓடுவது உறுத்துகிறது. ஒரே கண்ணாடியில் தீட்டிச் சூளையில் சுட்டுவிடலாமா? மலைகளின் தொலைவை எப்படிக் காட்டுவது?

பதில் 1:
ஒரே கண்ணாடி என்றால் ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் முழு ஓவியமும் போய்விடும். துண்டுகளாக இருந்தால் உடைந்த துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கோடுகளை ஒழிக்கப் பார்க்காமல், மலை முகடாகவும் கிளையாகவும் மேகத்தின் விளிம்பாகவும் அவற்றையே வரையச் சொல்லுங்கள். சாளரத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளையும் கரையோரக் கோட்டோடு சேர்த்து மறைத்துவிட முடியும்.

தொலைவுக்கு, அமெரிக்காவின் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகப் படிக்கட்டின் உச்சியில் உள்ள ஹார்ட்வெல் நினைவுச் சாளரத்தின் படங்களைப் பாருங்கள். வண்ணக் கண்ணாடி வேலைக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான டிஃபனி ஸ்டுடியோவுக்காக ஆக்னஸ் நார்த்ரப் வடிவமைத்த இது, 1917இல் ஒரு தேவாலயத்துக்காகச் செய்யப்பட்டது. 48 பலகைகளில் சொக்கோருவா மலை விரிகிறது. டிஃபனி ஸ்டுடியோவினர் கண்ணாடியின் பின்னால் இன்னொரு கண்ணாடியை அடுக்கி நிறத்தை மங்கவைப்பார்கள். தொலைமலையின் நீலப் புகைமூட்டத்துக்குத் தூரிகையைவிட இந்த அடுக்குமுறையே மேல் என்பது என் கருத்து.

பதில் 2:
அடுக்குமுறை அழகுதான், ஆனால் அடுக்குகளுக்கிடையே தூசியும் ஈரமும் புகுந்தால், சாளரத்தைக் கழற்றாமல் துடைக்க வழியில்லை. வெளிப்புறத்தில் காப்புக் கண்ணாடி போடுவதானால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேற்கு வெயிலின் வெப்பமும் ஈரமும் உள்ளே தேங்கும்.

பதில் 3:
மேற்குச் சாளரம் என்பதால் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிவான கண்ணாடி வழியே வெளியிலுள்ள மரமும் மின்கம்பியும் தெரிந்து ஓவியத்தோடு கலந்துவிடும். பால்வண்ணம் கலந்த ஓபலெசன்ட் கண்ணாடியோ ஒளியைச் சிதறடித்து அவற்றை மறைக்கும். சாயங்கால வெயிலில் படிகளின் மேல் அடர்ந்த நிறத் திட்டுகள் விழுந்தால் படியின் விளிம்பு வயதானவர்களுக்குத் தெரியாது. ஆகவே படிகளில் ஒளி விழும் பகுதிக்கு வெளிர் நிறங்களே போதும். கண்ணாடி மாதிரிகளை அடியிலிருந்து ஒளி வரும் விளக்கு மேசையில் பார்த்து முடிவெடுக்காமல், அதே சாளரத்தில் காலையிலும் மாலையிலும் பிடித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.