செயின்சாவில் பலகை அறுப்பது: தொடங்க வழி சொல்லுங்கள்

நாங்களே வளர்த்த மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரம் 2 அடி குறுக்களவு. விறகாக்க மனசு வரவில்லை. 2 அங்குலப் பலகைகளாக அறுக்க ஆசை.

என்னிடம் இருப்பது 50 சிசி செயின்சா. ஒரு சின்னத் துண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். பாதியிலேயே மெஷின் சூடேறித் திணறியது. சீவலுக்குப் பதில் மாவுதான் கொட்டியது, பலகையும் அலை அலையாக வந்தது. பற்களை 30 டிகிரி சாய்வில் தீட்டிய, குறுக்கு அறுப்புக்கான செயினைப் போட்டதுதான் தப்போ? நீளவாக்கு அறுப்புக்கான 10 டிகிரி செயின் மாட்டினால் இதே மெஷின் தாங்குமா, இல்லை 70 சிசிக்குப் போக வேண்டுமா?

அப்புறம், முதல் அறுப்புக்கு நேராக அறுக்க ஏணியை மரத்தின் மேலே வைத்து மட்டம் பிடிப்பவர்கள், அதை ஆடாமல் எப்படி நிறுத்துகிறீர்கள்? மரத்தின் வெட்டுமுனையில் மயிரிழை போல விரிசல் ஓடுகிறது. அவசரமாகப் பெயிண்ட் பூசியிருக்கிறேன், அது போதுமா?