ஐந்தாம் வகுப்பை முடித்த மகள் புதுப் பள்ளியைப் பற்றிப் பேச மறுக்கிறாள்

கேள்வி: லால்குடி அம்மா (மே 2025)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் சென்ற மாதத்தோடு எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஜூனில் பேருந்தில் சென்று அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, அங்க அடையாளம் எழுதுவதற்காகத் தலைமையாசிரியை அவளுடைய இடக்கையைத் திருப்பி மணிக்கட்டருகே இருக்கும் மச்சத்தைப் பார்த்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டெனத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து புதுப் பள்ளி என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

இவள் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய பிள்ளை. பதிவேட்டில் பெயர் ஏறியதே தவிர, வகுப்பறைக்குள் கால் வைத்தது பள்ளிகள் திறந்த 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அதற்குள் இரண்டாம் வகுப்பில் பாதி ஓடிவிட்டது. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும், அடுப்படியில் என் பக்கத்தில் வைத்துக்கொண்ட சிலேட்டும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

நேற்று பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று நோட்டுகளைக் கட்டும்போது இரண்டாம் வகுப்பு நோட்டைப் பிரித்தேன். எழுத்துகள் பல, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பி நிற்கின்றன. அழித்து அழித்துத் தாளே சில இடங்களில் பொத்துப்போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு நோட்டில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். இந்தத் தூரத்தை அவள் கடந்ததை, ஆண்டுதோறும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்ட நான் கவனிக்கவே இல்லை என்பது மனத்தை அறுக்கிறது. அவள் மௌனம் வருத்தமா, பயமா? பள்ளி திறப்பதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, இரண்டும் இருக்கும். ஆனால் பயம்தான் கூடுதல் என்று நினைக்கிறேன். நம் சிறிய தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள். அந்த இருவருக்கும் பிள்ளையின் வீடு, காய்ச்சல், கோபம் எல்லாமே தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் ஆள் மாறுவார்.

இன்னொன்றும் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போனதை ஈடுகட்டவே வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பக் குழு பிரித்துச் சொல்லிக்கொடுப்போம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை வந்தது. உங்கள் மகள் மூன்று ஆண்டுகளும் அப்படித்தான் படித்திருப்பாள். தன் குழுவில் தயங்காமல் வாசித்த பிள்ளை, முன்பின் தெரியாத நாற்பது பேர் நடுவே எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நடுங்கத்தான் செய்யும். "ஏன் பேச மாட்டேன் என்கிறாய்" என்று கேட்காதீர்கள். ஒருநாள் அந்தப் பேருந்திலேயே அழைத்துப் போய், பள்ளி வாசலையும் தண்ணீர்க் குழாயையும் கழிப்பறையையும் காட்டிவிட்டு வாருங்கள்.

மறுமொழி 2: ஈரோடு அப்பா

சகோதரி, என் மகன் போன வருடம் இதே கட்டத்தைத் தாண்டினான். ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவானோ என்று பயந்து மே மாதம் முழுவதும் அவனை டியூஷனில் உட்கார வைத்தேன், செய்திருக்கக் கூடாது. ஜூனில் பள்ளிக்கூடம் என்றாலே அவனுக்குச் சலிப்பாகிவிட்டது.

நான் கவனிக்கத் தவறிய மற்றொன்று காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்பில் மதிய உணவு மட்டும்தான். நானும் மனைவியும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறவர்கள். வழக்கம்போலப் பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம். மூன்று வாரம் வெறும் வயிற்றோடு போயிருக்கிறான், எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை. இப்போது இரவே இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டு வைக்கிறோம். உங்கள் வீட்டில் காலை எப்படி என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: தென்காசி அத்தை

நோட்டுக் கட்டை அவளிடமே கொடுத்து, எதை வைப்பது, எதைப் போடுவது என்று அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். என் அண்ணன் மகளின் நோட்டுகளை நாங்களே எடைக்குப் போட்டுவிட்டோம். அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லால்குடி அம்மா (ஐந்து நாள் கழித்து)

மூவருக்கும் நன்றி. தலைமையாசிரியை அம்மா சொன்னதுதான் சரி. பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பேருந்தில் அவளே சொன்னாள்: "அங்க எல்லாரும் வேகமா வாசிப்பாங்களாம்மா?" பக்கத்து வீட்டு அக்காவின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இரவல் வாங்கியிருக்கிறோம். இரவு விளக்கடியில் என் மாமியாருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் திக்கினாலும் திருத்த ஆளில்லை. திரும்பிப் போய் அவளே திருத்திக்கொள்கிறாள்.

நோட்டுகளில் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று ஏரிக் கட்டுரை இருப்பது. மற்றது அந்தப் பொத்துப்போன இரண்டாம் வகுப்பு நோட்டு.