காட்டுக்குள் ஆர்வி: விடியற்காலையில் ஹீட்டர் நின்றுவிடுகிறது, கேஸ் இருக்கிறது. உதவுங்கள்!

ஃபீனிக்ஸ் வெயில்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு வெளியே, டுசாயன் ஊரை ஒட்டிய கைபாப் தேசியக் காட்டில் வாடகை ஆர்வியோடு (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) தங்கியிருக்கிறோம். பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை. இங்கே மண் பாதையோரம் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம், ஆனால் கரண்ட், தண்ணீர் எதுவும் கிடையாது. இடத்தைக் குறை சொல்ல முடியாது, சுற்றிலும் பாண்டரோசா பைன் மரம், கண்ணுக்கெட்டியவரை வேறு வண்டி இல்லை, சாயங்காலமானால் எல்க் மான் கத்துகிறது.

பிரச்சினை ராத்திரியில்தான். அக்டோபர் குளிர், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. படுக்கும்போது ஹீட்டர் நன்றாகச் சூடு தருகிறது, மூன்று மணி வாக்கில் ஃபேன் மட்டும் சோம்பலாகச் சுற்றி குளிர்காற்று வருகிறது, அப்புறம் அதுவும் நின்றுவிடுகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தால் அடுப்பு ஜம்மென்று எரிகிறது. காலையில் ஜெனரேட்டர் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் போடுகிறேன், பேட்டரி பேனலில் நாலு விளக்கும் எரிந்து 'ஃபுல்' காட்டுகிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறார்கள். இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும்.

கரண்ட்காரன்:
தம்பி, கேஸை விடுங்கள், இது பேட்டரி. ஆர்வி ஹீட்டரில் தீ புரொப்பேனில் எரிந்தாலும் ஃபேனை ஓட்டுவது 12 வோல்ட் பேட்டரிதான். உள்ளே காற்றுத் தள்ளினால் மடங்கும் சின்னத் தகடு ஒன்று உண்டு, செயில் ஸ்விட்ச் என்பார்கள். வோல்ட் இறங்கினால் ஃபேன் வேகம் குறையும், தகடு மடங்காது, தகடு மடங்காவிட்டால் ஹீட்டரின் கண்ட்ரோல் போர்டு தீயைப் பற்றவைக்காது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் 'ஃபேன் மட்டும் சோம்பலாக' என்பது அச்சு அசல் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுமார் 8 ஆம்ப் இழுக்கும் என்று வையுங்கள். குளிர் ராத்திரியில் பாதி நேரம் ஓடினால் பத்து மணி நேரத்தில் 40 ஆம்ப்-அவர் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) போய்விடும். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரி, 80 ஆம்ப்-அவர் என்று எழுதியிருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, குளிரில் அதிலும் குறையும். அப்படியென்றால் விடியற்காலையில் படுத்துவிடாமல் என்ன செய்யும்?

பேனல் விளக்கை நம்பாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அது சார்ஜரின் வோல்ட்டைத்தான் காட்டும். அணைத்து ஒரு மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். 12.7 முழுசு, 12.2 ஏறக்குறைய பாதி. அப்படியே இன்வெர்ட்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், எதுவும் சொருகாவிட்டாலும் அது சும்மா உட்கார்ந்து தின்னும்.

நாலுசக்கர நாடோடி:
கரண்ட்காரன் அண்ணன் சொன்னது சரி. ஜெனரேட்டர் 'டக்' விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். அது கிளம்புவதும் ஹீட்டர் ஃபேனை ஓட்டும் அதே பேட்டரியில்தான். வண்டி என்ஜினை ஸ்டார்ட் செய்து, டிரைவர் பக்கம் எமர்ஜென்சி ஸ்டார்ட் அல்லது பூஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஜெனரேட்டரைப் போடுங்கள், என்ஜின் பேட்டரியும் அதுவும் சேர்ந்து தள்ளும்.

பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். கால் டேங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும், காட்டில் மாட்டிக்கொள்ளாமல் ஊர் திரும்பவே அப்படிக் குழாய் வைத்திருக்கிறார்கள். டுசாயன் 6,600 அடி உயரம், காற்று லேசு, அதனால் ஜெனரேட்டரின் சக்தியும் குறையும், சார்ஜ் ஏறும்போது மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்டாதீர்கள்.

ஒரு மணி நேரம் சார்ஜ் எந்த மூலைக்கு? குறைந்தது மூன்று மணி நேரம் போடுங்கள். தூங்கும்போது மட்டும் ஓட விடாதீர்கள், புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து வண்டியை நிறுத்துங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தை இன்றைக்கே அமுக்கிச் சோதியுங்கள்.

டென்வர் அக்கா:
அம்மாவுக்காகக் கடையில் விற்கும் சின்ன புரொப்பேன் ஹீட்டர் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். அதில் ஆக்சிஜன் சென்சர் இருக்கும், 7,000 அடியை நெருங்கினால் தானாகவே அணையலாம். எரிந்தாலும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், அதைப் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. எனக்கு அது பிடிக்காத பொருள்.

தெர்மோஸ்டாட்டை 58 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 14 செல்சியஸ்) இறக்குங்கள், ஃபேன் ஓடும் நேரம் நன்றாகக் குறையும். கூரை வென்ட்டில் ஒரு தலையணையைத் திணியுங்கள், முன் கண்ணாடிப் பக்கம் கம்பளியைத் தொங்க விடுங்கள், பாதிக் குளிர் அங்கிருந்துதான். வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி அம்மா கால்மாட்டில் வையுங்கள், இது பேட்டரி கேட்காது. சிங்க் அடிக் கதவைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் குழாய் உறையும்.

ஃபீனிக்ஸ் வெயில்:
எல்லாருக்கும் நன்றி. டுசாயன் வந்தால்தான் சிக்னல், அதனால் தாமதம். பேனல் 'ஃபுல்' காட்டிய பிறகு, ஜெனரேட்டரை அணைத்து ஒரு மணி நேரம் விட்டு அளந்தால் மீட்டரில் 12.3தான் இருந்தது! சோபாவுக்கடியில் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வண்டி கொடுத்தவர்கள் அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. அதை அணைத்தேன், சாயங்காலம் மூன்று மணி நேரம் சார்ஜ், தெர்மோஸ்டாட் 58, வென்ட்டில் தலையணை. ராத்திரி முழுக்க ஹீட்டர் நிற்கவில்லை, காலையில் 12.1. பூஸ்ட் பொத்தானுக்கு வேலையே வரவில்லை. அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று: 12.1 என்பது இன்னும் குறைவுதானே? வாரக்கடைசியில் குளிர் கூடும் என்கிறார்கள்.

கரண்ட்காரன்:
குறைவுதான், பாதியை விடக் கொஞ்சம் கீழே. பகலில் வியூ பாயின்ட் பார்க்கக் கிளம்பும்போது வண்டியிலேயே போங்கள், என்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்றிவிடும். பேட்டரி மூடி திறக்கிற ரகமாக இருந்தால், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், குடிதண்ணீர் வேண்டாம். மீட்டர் காட்டும் அளவையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள், வண்டியைத் திருப்பும்போது கேள்வி வந்தால் காட்டலாம்.

நாலுசக்கர நாடோடி:
குளிர் ரொம்ப ஏறினால் வீம்பு பிடிக்காமல் ஒரு ராத்திரி ஹூக்கப் (வண்டிக்குக் கரண்ட், தண்ணீர் இணைப்பு) உள்ள இடத்துக்கு மாறிவிடுங்கள். பூங்காவுக்குள் டிரெய்லர் வில்லேஜில் மட்டும்தான் அது உண்டு, மேதர் கேம்ப்கிரவுண்டில் கிடையாது. ரத்து செய்தவர்கள் இடம் கிடைக்கும், தினமும் காலையில் தேடிப் பாருங்கள். கழிவுநீர் டேங்கையும் பூங்காவில் உள்ள டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிட்டு வாருங்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட காட்டில் திறந்து விடாதீர்கள்.