180 சோழச் செப்புக்காசுகள்: ஆய்வேட்டுக்கு எதை, எப்படிப் பதிவது?

கேள்வி: கரந்தை மாணவர்

எம்.ஏ. ஆய்வேட்டுக்காக ஒரு கல்லூரிச் சேமிப்பில் உள்ள 180 செப்புக்காசுகளை எடுத்திருக்கிறேன். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் இடக்கை ஓரம் நாகரி எழுத்து. பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் "இராசராசன் காசு" என்ற ஒரே வரிதான். எங்கே கிடைத்தவை என்ற குறிப்பு இல்லை. ஐந்து மாதம் கையில் இருக்கிறது. என்னென்ன அளக்க வேண்டும்? சராசரி எடையை வைத்து இராசராசன் காலத்து எடைத்தரத்தைச் சொல்லலாமா? பாதிக்கு மேல் பச்சை படிந்து எழுத்தே தெரியவில்லை. புளி போட்டுத் தேய்த்தால் தெரியுமா?

பதில்: காசுத்தடம்

முதலில் புளியை மறந்துவிடுங்கள். எலுமிச்சையும் வேண்டாம். குத்துவிளக்கு துலக்குவதற்குச் சரி. காசில் அந்தப் பச்சை, பழுப்புப் படலத்துக்குள்தான் பல நேரம் எழுத்தின் வடிவமே நிற்கிறது. அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போகும், எடையும் குறையும். அளவெடுக்க வேண்டிய பொருளை நீங்களே மாற்றிவிடுகிறீர்கள். மண் மட்டும் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளினால் போதும்.

இனி பதிவு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண். எண்ணைக் காசின் மேல் எழுதாதீர்கள், உறையில் எழுதுங்கள். பி.வி.சி. உறை ஆகாது, நாளாக ஆக அதிலிருந்து கசியும் பொருள் செம்பில் பச்சைப் பிசுக்காகப் படியும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை அல்லது அமிலமில்லாத தாள் உறை வாங்குங்கள். எடை 0.01 கிராம் வரை. விட்டம் வெர்னியரில் இரண்டு திசையில், ஏனெனில் இந்தக் காசுகள் வட்டமாக இருப்பதே அபூர்வம். அடுத்தது பெரும்பாலோர் விட்டுவிடும் அச்சுக்கோணம், அதாவது காசின் இரு புறத்தையும் பதித்த அச்சுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு திரும்பியிருந்தன என்பது. நிற்கும் உருவத்தின் தலை மேலே இருக்கும்படி இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்து, கதவைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். அமர்ந்த உருவத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறதோ அதுதான் கோணம். 180 காசிலும் கோணம் சிதறிக் கிடந்தால் அச்சுகளைக் கையால் போக்கில் வைத்து அடித்திருக்கிறார்கள். 12, 6 என்று குவிந்தால் பட்டறையில் ஏதோ ஒழுங்கு இருந்திருக்கிறது.

எடைத்தரம் பற்றி: அந்த முடிவுக்குப் போகாதீர்கள். பொன்னில் காசுக்குக் காசு நிறுத்துப் பார்ப்பார்கள். செம்பு மலிவு என்பதால், இவ்வளவு எடைச் செம்பில் இத்தனை காசு என்ற கணக்கிலேயே அடிப்பது பல இடங்களில் வழக்கம். தனிக்காசின் எடை ஏறி இறங்குவது இயல்பு. போதாததற்குத் தேய்மானமும் அரிப்பும். சராசரி வேண்டாம், 0.2 கிராம் இடைவெளியில் எத்தனை காசு விழுகிறது என்று பட்டை வரைபடம் போடுங்கள். அரித்தவற்றைத் தனி வரைபடமாகப் போட வேண்டும்.

பதில்: தம்பதெனிக்காசு

"இராசராசன் காசு" என்ற தலைப்பையே முதலில் சந்தேகப்படுங்கள், தம்பி. இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஆனால் இதே நிற்கும் உருவம், அமர்ந்த உருவம் அமைப்பில் இலங்கை அரசர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் காசு அடித்தார்கள்: பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன், புவனேகபாகு. இங்கே இலங்கையில் இவற்றைத் தம்பதெனிக் காசு என்போம். கடை வழியாக வந்த சேமிப்பென்றால் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எழுத்து மேலிருந்து கீழாக அடுக்கி வரும். "ஸ்ரீ ராஜராஜ", "ஸ்ரீ ராஜ லீலாவதி" இரண்டுக்கும் மேல்பகுதி ஒன்றே. அச்சைவிடக் காசு சிறியது என்பதால் கீழ் எழுத்து வெட்டுப்பட்டுப் போகும். "ஸ்ரீ ராஜ" மட்டும் தெரிகிற காசை இராசராசன் கணக்கில் சேர்த்தால் ஏறக்குறைய இருநூறு ஆண்டு தவறலாம். ஆகவே மூன்று நிரல் வையுங்கள்: முழுதும் வாசித்தவை, பாதி வாசித்தவை, வாசிக்க முடியாதவை. பாதி வாசித்ததில் எந்த எழுத்துத் தெரிகிறதோ அதை மட்டும் எழுதி, தெரியாததைப் பகர அடைப்புக்குள் போடுங்கள். ஊகத்தை வாசிப்பாக எழுதிவிட்டால் பின்னால் வருபவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

மீண்டும் கரந்தை மாணவர்

மிக்க நன்றி ஐயா. எழுத்து வெட்டுப்பட்ட காசுகளை வகைப்படுத்த வேறு வழி இல்லையா? சில காசுகளில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது, அது என்ன?

பதில்: காசுத்தடம்

தூள் உதிர்பவற்றை இன்றே தனியே எடுத்து வையுங்கள். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கியிருக்கிறது. ஈரக்காற்றுப் பட்டால் அரிப்பு தானாகவே தொடரும். சந்தேகமானால் ஈரப்பஞ்சோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள் (பஞ்சு காசைத் தொடக்கூடாது). புதுத்தூள் வந்தால் அந்த அரிப்புதான். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மருந்துப் பூச்சு நீங்கள் செய்ய வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, கல்லூரி மூலம் எழுதிக் கேளுங்கள்.

வகைப்படுத்த வழி உண்டு: அச்சு ஒப்பீடு. அரைகுறைக் காசும் முழுதாக வாசித்த காசும் ஒரே அச்சில் அடித்தவை என்று காட்டிவிட்டால், எழுத்துத் தெரியாமலே அதன் அரசர் யாரென்று தெரிந்துவிடும். உங்கள் ஆய்வேட்டின் உயிரே இதுவாகத்தான் இருக்கும். படமெடுக்கும்போது எல்லாக் காசுக்கும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து, இடப்பக்க மேல்மூலையிலிருந்து, சாய்வாக வரட்டும். திசை மாறினால் நிழல் மாறி ஒரே அச்சு இரண்டாகத் தெரியும். ஐந்து மடங்கு பெரிதாக அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 16,110 இணை வரும். எழுத்தின் சாய்வு, அது கையிலிருந்து விலகி நிற்கும் தூரம் பார்த்து முதலில் சிறு கூட்டங்களாகப் பிரியுங்கள். தேய்மானத்தையும் விரிசலையும் வேறுபாடாக எடுக்காதீர்கள். ஒரே அச்சில் விரிசல் வளர்ந்துகொண்டே போகும்; எது முந்தி அடித்தது என்று அதுவே சொல்லும்.

கடைசியில் ஒரு கணக்கு. ஒரே ஒரு காசில் மட்டும் தென்படும் அச்சுகள் எத்தனை என்று எண்ணி, மொத்தக் காசால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். 180 காசில் அப்படி 45 அச்சு என்றால் 0.75. மூலத்தில் புழங்கிய காசுகளில் முக்கால் பங்கை அடித்த அச்சுகள் உங்கள் கையில் வந்துவிட்டன என்று பொருள். 0.3, 0.4 என்று வந்தால் மொத்த அச்சு எண்ணிக்கை பற்றி எதுவும் எழுதாதீர்கள். கிடைத்த இடம் தெரியாத சேமிப்பு என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

பதில்: தம்பதெனிக்காசு

எக்ஸ்.ஆர்.எஃப். கருவி (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளப்பது) யாராவது தருகிறேன் என்றால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். அரித்த காசில் வருகிற எண் பச்சையின் கலவை, காசின் கலவை அல்ல. ஓரத்தில் பழைய உடைப்பிருந்து உலோகம் வெளியே தெரிகிற காசுகளை மட்டும் அளந்து, எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதைப் படத்தில் குறியுங்கள்.